கீழ்க்கோட்டுக்காரி

பிப்ரவரி 3

டயர் கடைக்காரர் வருடாவருடம் கொடுக்கும் டைரியில் யாருக்கு என்றைக்கு வகுப்பு என்பதைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். ஆட்களிடம் சொன்னால் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். காகிதம் சும்மா கிடக்கும்.

காலையில் மூன்று பேருக்கு வகுப்பு. ஒரு வங்கி மேலாளர் அம்மா கிளட்சுக்கும் பிரேக்குக்கும் குழம்பி, ஹைகிரவுண்டு சாலையில் ஓர் இளநீர் வண்டியைத் தூக்கப் பார்த்தார். கற்றுக்கொடுப்பவள் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. அழுத்தி நிறுத்தினேன். இளநீர்க்காரர் என்னைத்தான் திட்டினார். 'கனி டிரைவிங் ஸ்கூல்' என்று வண்டியின் தலையில் எழுதியிருக்கிறதே.

பிறகு ஆஸ்பத்திரி. இடது குதிகாலில் ஒரு கருப்புத் திட்டு, இரண்டு வருடமாக இருக்கிறது. கிரீஸ் கறை என்று செங்கல் துண்டால் தேய்த்திருக்கிறேன். போன வாரம் அதில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோய் டாக்டர் ஆவுடைநாயகிக்கு என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். சுற்றி வளைக்கவில்லை.

"மெலனோமா. தோல்ல வர்ற புற்றுநோய்ல இது ஒரு வகை."

"அது வெள்ளக்காரங்களுக்கு வாரதுல்லா? எனக்கு எப்படி?"

"நம்ம ஆளுங்களுக்கு உள்ளங்கால்ல, நகத்துக்கு அடியில வரும். அங்க யாரும் பாக்கிறதில்ல. அதான் லேட்டாயிருது."

இவர், என் வீட்டுக்காரர் ஜெபமணி, மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறியவர், நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "எப்ப வெட்டுவிய?" என்று நான்தான் கேட்டேன்.

பயமா என்றால், இல்லை. சாயங்காலம் புளிக்குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். நான் உட்காரும்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 8

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசுகிறார்கள். இவருடைய அண்ணி, "காலை எடுத்துட்டா நல்லதுன்னு சொல்லுதாவளே" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னார்களாம். "பொதுவா சொன்னவங்களுக்குப் பொதுவா ஒரு காலை எடுக்கச் சொல்லுங்க மைனி" என்றேன். காபி குடிக்காமல் போய்விட்டார்.

போதகர் ஐயா வந்து ஜெபித்தார். நீளமான ஜெபம். நடுவில் என்னை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்தார். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். இன்னும் ஒப்புக்கொடுக்கிற கட்டம் வரவில்லை.

பிப்ரவரி 17

அறுவை முடிந்தது. குதிகாலில் ஒரு வட்டமாகத் தோலையும் சதையையும் எடுத்துவிட்டு, தொடைத் தோலை வைத்து மூடியிருக்கிறார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டுகிற நிணநீர்க் கணு ஒன்றையும் எடுத்துப் பார்த்தார்களாம், அங்கே ஒன்றும் பரவவில்லை. குதிகால் வலியைவிடத் தோல் எடுத்த தொடை வலிதான் உயிரை வாங்குகிறது.

பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்துக்காரி ஒருத்தி. செய்யதலி பாத்திமா, நாற்பத்திரண்டு வயது. வலது கட்டைவிரல் நகத்துக்கு அடியில் அதே நோய். விரலையே எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் எனக்கு ஆரஞ்சு உரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பல்லால் கடித்து உரித்தாள்.

"அக்கா, எச்சியாயிட்டு. திம்பியளா?"

தின்றேன்.

அவள் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறாராம். இரண்டு பெண் பிள்ளைகள். "அவரு வாங்கிப்போட்ட காரு ஒண்ணு ஷெட்ல நிக்கி. வருசத்துக்கு ஒரு மாசம் ஓடும். மத்த நாளு நான் தொடச்சு மூடிவைப்பேன்" என்றாள். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"கட்டவிரல் இல்லாம ஓட்ட முடியுமாக்கா?"

"குதிகால் இல்லாதவ சொல்லித்தாரேன். முடியாமலா போவும்."

பிப்ரவரி 20

கட்டுப் பிரித்தார்கள். நான் பார்க்கவில்லை. இவர் பார்த்தார். பிறகு வெளியே போய் வெகுநேரம் வரவில்லை. வந்ததும், சளி பிடித்திருக்கிறது என்றார்.

மார்ச் 6

இன்று இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் கூப்பிட்டார் டாக்டர் ஆவுடை. வெட்டியெடுத்த கட்டிகளின் முழுச் சோதனை முடிவு வந்திருந்தது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லவா என்று கேட்டார். "ஒண்ணாவே சொல்லுங்க, எப்படியும் வெளிய போயி பேசத்தான போறோம்" என்றாள் பாத்து. அவளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

கம்ப்யூட்டரில் படம் காட்டினார். கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, பெரிதாக்கிய படம். பாத்துவின் கட்டிக்குள் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாக, கசகசா கொட்டினாற்போல், எங்கு பார்த்தாலும் புள்ளிகள்.

"இதெல்லாம் உங்க உடம்போட காவல் அணுக்கள். கட்டியைக் கண்டுபிடிச்சு உள்ள புகுந்திருக்கு. இப்படி நிறைய புகுந்திருக்கிறவங்க பொதுவா நல்லா இருக்காங்க."

பாத்து தொழுது முடித்தவளைப்போல இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டாள். கட்டுப் போட்ட கையையும் சேர்த்து.

அடுத்தது என் படம். கட்டியின் ஓரத்தில் கொஞ்சம் புள்ளிகள் வரிசையாக நின்றன. உள்ளே எதுவுமே இல்லை. வெறிச்சென்று கிடந்தது.

"எனக்கு ஏன் வாசல்லயே நிக்கிது?"

"அது சிலருக்கு அப்படித்தான்க்கா."

"அப்படின்னா?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாத பெண். "உள்ள இல்லாதவங்களுக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு கூடுதல். ஆனா இது நூறு பேரைப் பாத்துச் சொல்றது. ஒருத்தரை மட்டும் உக்காரவச்சு, இவருக்கு இப்படித்தான் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் காட்டணும்."

"நூறு பேர்ல நான் இல்ல" என்றேன். "நான் பாளையங்கோட்டையில இருக்கேன்."

பாத்துவுக்கு நல்ல சேதி. சந்தோஷம்தான். அவள் வீட்டிலிருந்து நெய்ச்சோறு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. நெய் அதிகம்.

மார்ச் 7

நெய் அதிகமெல்லாம் இல்லை. நல்ல சோறுதான்.

மார்ச் 21

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக வாசல் வரைக்கும் போனேன். வாசலுக்கு மேலே வெறும் ஆணிகள். பலகை இல்லை. வண்டிகள் நிற்கும் இடமும் காலி.

"ஏங்க, போர்டு எங்க?"

இவர் கொடியில் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே சொன்னார், "கிங்ஸ்லி கேட்டான். ரெண்டு வண்டியையும் அவன்ட்ட ஓட்டக் குடுத்திருக்கேன். ஸ்கூலை இனிமே அவன் பாத்துக்கிடட்டும்னு..."

கிங்ஸ்லி இவருடைய அண்ணன் மகன். இரண்டு முறை என்னிடம் படித்து, மூன்றாவது முறை லைசென்ஸ் வாங்கியவன்.

"நான் செத்துட்டேனா?"

"அப்படிச் சொல்லாத."

"செத்தவ வீட்லதான் கேக்காம சாமான எடுப்பாவ."

"நீ இனி கிளட்ச மிதிக்க முடியுமா கனி? சொல்லு. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான்..." மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தார்.

"என் பக்கத்துக் கிளட்ச வலது காலால மிதிப்பேன். சாயங்காலத்துக்குள்ள வண்டி இங்க நிக்கணும். இல்லன்னா வாக்கரோட கிங்ஸ்லி வீட்டு வாசல்ல போய் நிப்பேன். தெருவே பாக்கும்."

வண்டிகள் வந்துவிட்டன. ஒன்றில் முன்பக்கம் கீறல். பலகையை இவரே ஏணி போட்டு மாட்டினார். கீழே நின்று, "எடது பக்கம் சரிஞ்சிருக்கு" என்றேன். மூன்று தரம் கழற்றி மாட்டினார். ஒரு தரமும் முகம் சுளிக்கவில்லை.

ஏப்ரல் 29

மறுபடியும் வகுப்பு. காலைத் தூக்கி வண்டிக்குள் வைப்பதற்கே நாலு பேச்சு பேசவேண்டியிருக்கிறது, காலிடம். உட்கார்ந்துவிட்டால் போதும், அப்புறம் நான் ராணி.

முதல் ஆள் யார் என்றால் பாத்து. பர்தாவுக்கு மேல் ஒரு வெயில் கண்ணாடி. சாவியைத் திருக அவளுக்குக் கட்டைவிரல் இல்லை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் சாவியைக் கவ்வி, மணிக்கட்டோடு சேர்த்துத் திருகினாள். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவது தரம் வண்டி உறுமியதும் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

மார்க்கெட் முக்கில் மாடு குறுக்கே வந்தது. "பாத்து! பாத்து!" என்று கத்தினேன்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுதியளா, ரோட்டப் பாக்கச் சொல்லுதியளா?" என்றாள், மாட்டைச் சுற்றிக்கொண்டே.

மே 16

நாலைந்து நாளாக இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தான் செய்யும். சின்ன வயதில் முள் குத்தினால் அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். கொடுத்தேன்.

மே 30

மூன்று மாதச் சோதனைக்குப் போகவேண்டிய நாள். லீவு காலம், ஒன்பது பேர் வகுப்புக்கு வருகிறார்கள். அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம். இவர் கேட்டார். போய்விட்டு வந்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 19

பாத்து வகுப்புக்கு வரவில்லை. போன் போட்டேன். மூன்று வாரமாக இருந்த இருமலுக்குப் படம் எடுத்தார்களாம். நுரையீரலில் நாலு இடத்தில்.

"கட்டிக்குள்ள அத்தன அணு இருந்துச்சேக்கா" என்றாள். அழவில்லை. யாரோ கடையில் எடை குறைத்துக் கொடுத்துவிட்டதைப்போலக் கேட்டாள்.

ஜூன் 20

டாக்டர் ஆவுடையிடம் போனேன். எனக்காக அல்ல. டோக்கன்கூட வாங்கவில்லை. நேராக உள்ளே போனேன்.

"உள்ள இருந்தா நல்லதுன்னு சொன்னியளே. அவளுக்கு உள்ள நெறஞ்சு கெடந்துச்சு. இப்ப நுரையீரலுக்கு எப்படிப் போச்சு? என்ன படிப்பு இது?"

நர்ஸ் என் கையைப் பிடித்தாள். டாக்டர் விடச் சொன்னார்.

"கோபப்படுங்க. எனக்கும் கோபமாத்தான் இருக்கு" என்றார். "நேத்து நானும் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாத்தேன். அணுக்கள் உள்ள இருந்துச்சு, பொய் இல்ல. ஆனா உள்ள போனதெல்லாம் சண்டை போடும்னு இல்ல. புற்றுநோய் தந்திரமானது. உள்ள வந்த காவல் அணுவை ஒரு பிரேக் போட்டு நிறுத்திவச்சிரும். நிக்கிற எடத்துலயே களைச்சுப்போயிடும்."

"அப்ப வந்து என்ன பிரயோசனம்?"

"இப்பத்தான் பிரயோசனம். அந்த பிரேக்கை எடுத்துவிடுற மருந்து இருக்கு. உள்ள ஏற்கனவே ஆள் இருக்கிறவங்களுக்கு அது நல்லா வேலை செய்ய வாய்ப்பு அதிகம். இங்க ஒரு ஆய்வுத் திட்டம் நடக்குது. அதுல சேத்தா மருந்து அங்கேருந்தே வந்துரும். பாத்திமாவைச் சேத்திருக்கேன்."

"வேல செய்யுமா?"

"தெரியாது. முயற்சி பண்றோம்."

இந்தப் பெண் என்னைக் கோபப்படவும் விடமாட்டேன் என்கிறாள். எழுந்தேன். "நீங்க மே மாசம் வரலையே" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 11

முந்தாநாள் பாத்துவுக்கு முதல் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நரம்பு வழியாக. மறுநாள் அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, அசதி. இன்று வகுப்புக்கு வந்து நிற்கிறாள். "வீட்ல படுத்திருந்தா எல்லாரும் என்னய செத்துக் கெடக்க மய்யத்தப் பாக்க மாதிரி பாக்காவ. இங்கன நீங்க திட்டத்தான செய்யுதிய. அது நல்லாருக்கு" என்றாள்.

திட்டினேன். கியர் மாற்றும்போது கீழே குனிந்து பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 2

பாத்துவின் கணவருடைய அண்ணன் ஸ்கூலுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சீக்காளிப் பொம்பளைக்கு எதுக்கும்மா வண்டி? நீங்களாவது சொல்லக் கூடாதா? தம்பி அங்கன கெடந்து தவிக்கான். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்லுதது?"

"அந்த வண்டியில சீக்காளி ரெண்டு பேரு இருக்கோம் பாய். பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. நீங்களும் ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க. உங்க தம்பி சம்சாரம் எப்படி ஓட்டுதான்னு தெரியும்."

பாத்து வண்டிப் பக்கம் போனாள். பின்கதவைத் தானே திறந்துவைத்தாள். "வாங்க பெரிய மச்சான்" என்றாள்.

அவர் வரவில்லை. ஆனால் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்தது.

ஆகஸ்ட் 23

நெறி இன்னும் இருக்கிறது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. வலி இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம்.

வெயில். இரண்டு வண்டிக்கும் எண்ணெய் மாற்றினேன்.

செப்டம்பர் 12

பாத்துவுக்குப் படம் எடுத்தார்கள். நாலில் இரண்டு கரைந்துவிட்டன. மற்ற இரண்டும் சுருங்கியிருக்கின்றன. போனில் அவள் சொன்னது பாதி புரியவில்லை, அழுகையும் சிரிப்பும். பின்னால் பிள்ளைகள் சத்தம். நான் "சரி, சரி, நாளைக்கு ரிவர்ஸ் எடுக்கணும், நேரத்துக்கு வா" என்று வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு முகம் கழுவினேன். வண்டிப் புகை கண்ணில் பட்டிருந்தது.

செப்டம்பர் 18

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தாழையூத்து சாலையில் வகுப்பு. நான் வண்டியில் ஏறும்போது இடுக்கில் கையை வைத்து அழுத்திக்கொண்டு ஏறியிருக்கிறேன். எனக்கே தெரியாது. பாத்து பார்த்துவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"என்னக்கா அங்கன?"

"நெறி கட்டிருக்கு, ஒத்தடம் குடுக்கேன். கால்ல புண்ணு இருந்தா கட்டத்தான் செய்யும்."

"புண்ணு ஆறி எத்தன மாசம் ஆச்சி?"

நான் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"ரோட்டப் பாரு."

"ரோட்டத்தான் பாக்கேன். எம்புட்டு நாளா?"

"மே மாசம்... இருக்கும்."

பாலம் வந்ததும் "எடது பக்கம் எடு" என்றேன். இண்டிகேட்டரை வலது பக்கம் போட்டாள். கண்ணாடி பார்த்தாள், பின்னால் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே அழகாக வண்டியைத் திருப்பினாள். வந்த வழிக்கு. ஆஸ்பத்திரி பக்கம்.

"ஏட்டி, எங்க போற?"

"உங்களுக்குத் தெரியும்."

"நிறுத்து. நாளைக்கிப் போவோம். இன்னும் மூணு பேரு காத்துக்கிட்டிருக்காவ."

"இருக்கட்டும். டாக்டரு உங்க படத்தக் காட்டுன அன்னைக்கு, 'நூறு பேர்ல நான் இல்ல'ன்னு என்ன போடு போட்டிய. நான் வீட்ல போய் எல்லார்ட்டயும் சொன்னேன், ஒரு அக்கா இருக்காவன்னு. இப்ப பயந்துகிட்டு கட்டிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டிருக்கிய."

"எனக்கு ஒண்ணும் பயம் இல்ல."

"அப்ப வாங்க."

பிரேக் என் காலடியில்தான் இருந்தது. காலும் அதன் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. பின்னால் பஸ் ஒன்று நெருக்கி வந்துகொண்டிருந்தது, அதனால்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். ஒரே தடவையில். அதைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் 27

அது நெறி இல்லை.

இவரிடம் மே மாதம் போகவே இல்லை என்பதைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கு ஆஸ்பத்திரி சீட்ட உன் பையில தேடுனேன். இல்ல."

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ போயிருப்பியா? எனக்கும் கேக்கத் தைரியம் வரல கனி."

பிறகு அவர் காபி போட்டார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

அக்டோபர் 14

இடுக்கில் இருந்த கணுக்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இரண்டில் நோய் இருந்தது, மற்றவற்றில் இல்லை. வேறு எங்கும் பரவவில்லை. எனக்கும் அதே மருந்து, ஒரு வருடத்துக்கு.

"என் கட்டிக்குள்ள ஆளே இல்லயே. யாரோட பிரேக்க எடுத்துவிடப் போறிய?" என்று டாக்டர் ஆவுடையிடம் கேட்டேன்.

"கட்டிக்குள்ளதான் இல்ல. உங்க உடம்புல இருக்காங்க. இந்தத் தடவை எடுத்த கணுவுல கொஞ்சம் பேர் உள்ளயும் வந்திருக்காங்க. பாக்குறீங்களா?"

காட்டினார். நிறைய இல்லை. அங்கொன்று இங்கொன்று.

லேட்டாக வருகிறவர்களை நான் வகுப்பில் சேர்ப்பதில்லை. ஆனால் வந்தது வந்ததுதான்.

நவம்பர் 20

பாத்துவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பார்த்தார். டாக்டர் சான்றிதழைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"கட்டைவிரல் இல்லையேம்மா?"

"ஒம்பது வெரல் இருக்கு சார்."

ஓட்டிக் காட்டினாள். பாஸ். வெளியே வந்தால், மரத்தடியில் பெரிய மச்சான் ஒரு அல்வாப் பொட்டலத்தோடு நிற்கிறார். எங்களைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஜனவரி 9

புது டைரி. டயர் கடைக்காரர் இந்த வருடம் இரண்டாகக் கொடுத்தார்.

கணுக்களை எடுத்ததால் காலில் நீர் கோத்து வீங்குகிறது. இறுக்கமான காலுறை போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டுக்கொண்டு இரண்டு வகுப்பு. மூன்றாவதை எடுக்க முடியவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும்.

ஏப்ரல் 3

மருந்து தைராய்டைக் கெடுத்துவிட்டது. இனி ஆயுளுக்கும் மாத்திரை. "ஆயுளுக்கும்" என்று டாக்டர் சொன்ன வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 19

கடைசி ஊசி போட்டாயிற்று. படத்தில் ஒன்றும் இல்லை. பாத்துவுக்கு ஒரு புள்ளி மட்டும் கரையாமல் அப்படியே நிற்கிறது. வளரவும் இல்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நானும் எம்பாட்டுக்குக் கெடக்கேன்" என்கிறாள்.

டாக்டர் ஆவுடை ஒரு அனுமதி கேட்டார். அடுத்த மாதம் மதுரையில் டாக்டர்கள் கூட்டமாம். கட்டிக்குள் இருக்கும் காவல் அணுக்களுக்கும், நோயாளிகள் பின்னால் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசப்போகிறார். எங்கள் இரண்டு பேருடைய படத்தையும் பெயர் சொல்லாமல் காட்டலாமா என்றார்.

"காட்டுங்க. ஆனா நாங்களும் வருவோம்" என்றேன்.

"அங்க எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுவாங்கக்கா."

"படத்துக்கு என்ன பாஷை?"

நவம்பர் 16

மதுரை போய் வந்தோம். பாத்துதான் ஓட்டினாள், அவளுடைய சொந்தக் காரில், நாலுவழிச் சாலையில். நான் முன்னால், இவர் பின்னால். கோவில்பட்டி தாண்டும்வரை இவர் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். சாத்தூரில் மூடிவைத்துவிட்டுத் தூங்கிப்போனார். ஒரு டிரைவருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

பெரிய ஹோட்டல் ஒன்றில் குளிரூட்டிய மண்டபம். கோட்டுப் போட்ட டாக்டர்கள். நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். நான் ஊன்றுகோலை இரண்டு நாற்காலிக்கு நடுவே சாத்திவைத்தேன்.

டாக்டர் ஆவுடை மேடைக்கு வந்தார். எங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு நடுவே தமிழும் பேச ஆரம்பித்தார். பாத்துவின் படம் வந்தது. ஊதாப் புள்ளிகள். என் படம் வந்தது. பிறகு ஒரு வரைபடம். இடப்பக்கம் ஓரிடத்தில் சேர்ந்து புறப்படும் இரண்டு கோடுகள். மேல்கோடு உள்ளே அணுக்கள் இருந்தவர்கள், மெதுவாகச் சரிந்தது. கீழ்க்கோடு இல்லாதவர்கள், படிக்கட்டில் இறங்குவதைப்போலத் தடதடவென்று இறங்கியது. ஒவ்வொரு படியும் போய்ச்சேர்ந்த ஒரு ஆள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தது.

பாத்து என் கையைப் பிடித்தாள். நாலு விரல்தான். ஆனாலும் என்ன பிடி.

பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்து வயதான டாக்டர் ஒருவர் ஏதோ கேட்டார். அந்த இரண்டு நோயாளிகளும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் ஆவுடை பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை.

"ரெண்டாவது படம் நாந்தான்" என்றேன். "மொதப் படம் இவ. மதுரைக்கு என்னய இவதான் ஓட்டிக் கூட்டிட்டு வந்தா."

அந்த வயதான டாக்டர் திரும்பிப் பார்த்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு தானே எழுந்து வந்து மைக்கை என் கையில் கொடுத்தார். "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார், நல்ல தமிழில்.

கேட்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் குரல் நடுங்கியது. குளிர்.

"அந்தக் கீழ்க்கோட்டுலதான நான் இருக்கேன்?"

டாக்டர் ஆவுடை, "ஆமாக்கா" என்றார். தயங்காமல்தான் சொன்னார். அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும்.

"அது தரைவரைக்கும் வரலயே. பாதியில நின்னு அப்படியே நேராப் போகுதே. அது என்ன?"

"அது இருக்கிறவங்க. அந்தக் கோடு நேரா போற எடமெல்லாம், உயிரோட இருக்கிறவங்க."

"சில பேருக்கு உள்ள போகாம வாசல்ல நிக்கிதே, ஏன்?"

டாக்டர் ஆவுடை மற்ற டாக்டர்களைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். "முழுசாத் தெரியலக்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெரிஞ்சுக்கிட்டிருக்கோம். இங்க இருக்கிற எல்லாரும் அதைத்தான் தேடிட்டிருக்கோம்."

உட்கார்ந்திருக்கலாம். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் திரையில் அந்தக் கீழ்க்கோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இறங்கி இறங்கிப் போய், ஓரிடத்தில் இனி இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்ட கோடு.

"நல்லாத் தேடுங்க" என்றேன். "அவசரப்பட வேண்டாம். நான் எங்கயும் போகல."

நவம்பர் 17

கால் வீக்கம். காலையில் இரண்டு பேருக்கு வகுப்பு. எடுத்தேன்.